எங்கள் கிணற்றுக்கு எத்தனை எண்கள்?

(உயர்தரம், தொழினுட்பப் பிரிவு)

வன்னியில் கிணறு இல்லாத வளவைக் காண்பது அரிது. வயல் குளத்தை நம்பியிருக்கிறது, வீடு கிணற்றை நம்பியிருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணறு உம்மம்மாவின் காலத்தது. 1990இல் அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் புத்தளம் போன எங்கள் குடும்பம், யுத்தம் முடிந்து திரும்பி வந்ததும் முதலில் செய்த வேலை அந்தக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளியதுதான் என்று உம்மம்மா சொல்வார். அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறோம், சமைக்கிறோம், வுழு எடுக்கிறோம். ஆனால் குடிப்பதற்கு மட்டும் உம்மா சில வருடங்களாகச் சுத்திகரித்த நீரைக் கேனில் வாங்குகிறார். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது என்பது ஒரு காரணம். வடமத்திய மாகாணத்தில் தொடங்கி வவுனியாப் பக்கமும் பேசப்படுகின்ற சிறுநீரக நோய்ப் பயம் மற்றக் காரணம். அந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் ஒரு தாய்க்குப் பயப்பட அது போதும்.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் கருவி ஒன்றைச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை, நீரில் அமிழ்த்தும் உணரி ஒன்று, எண்ணைக் காட்டச் சிறிய திரை ஒன்று. நானா பட்டணத்திலிருந்து வாங்கி வந்து தந்தார். இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 (2013), நீரில் கரைந்துள்ள மொத்தத் திண்மங்கள் ஒரு லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது. ஆகவே கருவி 500க்குக் கீழே காட்டினால் உம்மாவுக்கு நல்ல செய்தி, மேலே காட்டினால் கெட்ட செய்தி. இவ்வளவு எளிதாக முடியும் என்றுதான் நினைத்தேன்.

சுபஹுக்குப் பிறகு அளந்தேன். 466. லுஹருக்குப் பிறகு அளந்தேன். 519. இரவில் மடிக்கணினியை நானா எடுத்துக்கொண்டதால் பழைய போன் சார்ஜரில் கருவியைக் கொழுவி அளந்தேன். 485, 512, 497, 516 என்று எண் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது.

"இப்ப சொல்லுங்க மகள், இந்தத் தண்ணிய குடிக்கலாமா, குடிக்கேலாதா?" என்று உம்மா கேட்டார். நான் திரையைப் பார்த்தேன். திரை மறுபடியும் மாறியது. "கிணறு ஒண்டுதானே, ஏன் இத்தின எண்?" என்றார்.

நானா உடனே ஒரு வைத்தியம் சொன்னார். "பத்துத் தரம் வாசிச்சுச் சராசரியப் போடு, துள்ளாது." போட்டேன். துள்ளல் கொஞ்சம் அடங்கிற்று. ஆனால் காலையில் ஓர் எண்ணிலும் மத்தியானத்தில் வேறோர் எண்ணிலும்தான் அடங்கியது. காய்ச்சலுக்குப் பனடோல் போட்டதும் உடம்பு குளிரும், காய்ச்சல் ஏன் வந்தது என்பது தெரியாமல் போய்விடும். அதே நிலைதான். சராசரி போடும் வரிகளைச் செய்நிரலிலிருந்து அழித்துவிட்டு, எண் ஏன் ஆடுகிறது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் கற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். மண்ணின் ஈரம், வெளிச்சம், வெப்பநிலை என்று எதை அளக்கும் உணரியைக் கொழுவினாலும் இதே சிக்கல்கள்தான் வரும். எனவே அடுத்த வருடம் செயற்றிட்டம் செய்யப்போகும் தங்கைகளுக்கும் இது உதவலாம்.

முதலில், கருவி எப்படி ஓர் எண்ணுக்கு வருகிறது என்பதைப் பார்ப்போம். உப்பு நீரில் கரையும்போது அயன்களாகப் பிரிகிறது. அயன்கள் கூடினால் நீரின் கடத்துதிறனும் கூடும். உணரியின் நுனியில் இரண்டு உலோக ஊசிகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே சிறிய ஆடலோட்டம் ஒன்று நீரினூடாகச் செலுத்தப்படுகிறது. நேரோட்டம் செலுத்தினால் மின்பகுப்பு நடந்து ஊசிகள் கெட்டுவிடும். நீர் எவ்வளவு கடத்துகிறதோ அதற்கேற்ப உணரியின் சிறிய பலகை 0 முதல் 2.3 வோல்ற்று வரையான ஓர் அழுத்தத்தை வெளியே தருகிறது. இது தொடர்ச்சியாக மாறக்கூடிய ஒன்று. இதையே ஒப்புமைச் சமிக்ஞை என்கிறோம்.

ஆனால் நுண்கட்டுப்படுத்திக்கு எண்கள் மட்டுமே விளங்கும். 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டதுதான் ஆர்டுயினோ. அதன் ஊனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா 328பி என்ற சில்லினுள், ஒப்புமையை இலக்கமாக மாற்றும் பகுதி ஒன்று உண்டு. அதை 1024 படிகள் கொண்ட ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படி 0, மேற்படி 1023. வரும் அழுத்தம் ஏணியில் எந்தப் படிவரை எட்டுகிறது என்று பார்த்து அந்தப் படியின் எண்ணைத் தருகிறது. ஏணியின் உயரம் 5 வோல்ற்று என்றால் ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 0.0049 வோல்ற்று. பிறகு செய்நிரல் படியெண்ணை வோல்ற்றாகவும் வோல்ற்றை உப்பின் அளவாகவும் மாற்றுகிறது.

அப்படியென்றால் எண் ஆடினால் மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். தண்ணீர் மாறியிருக்க வேண்டும், அல்லது வரும் வழியில் சமிக்ஞை கெட்டிருக்க வேண்டும், அல்லது ஏணி மாறியிருக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பார்த்தால் வாழ்நாள் முழுதும் பார்க்கலாம். பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

உணரியைக் கழற்றினேன். எதுவும் கொழுவாத ஊசித்துளையை வாசித்தால் 0 வரும் என்று எதிர்பார்த்தேன். 312, 290, 355 என்று வந்தது. கையைக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் மாறியது. பயந்துபோனேன், ஆனால் இது பழுதல்ல. எதோடும் இணையாத ஊசி காற்றில் தொங்கும் நூல்போல, பக்கத்தில் உள்ள மின்கம்பியிலிருந்தும் நம் உடம்பிலிருந்தும் வரும் சிறு பாதிப்புகளையெல்லாம் ஏற்றுக்கொள்ளும். இதிலிருந்து ஒன்று விளங்கியது. எங்காவது ஒரு வயர் விட்டுப்போயிருந்தால் கருவி "வயர் இல்லை" என்று சொல்லாது. நம்பக்கூடிய ஓர் எண்ணைத்தான் சொல்லும்.

அந்த ஊசியைப் புவி முனையோடு ஒரு சிறு வயரால் இணைத்தேன். 0. அசையாமல் 0. நல்லது.

அடுத்தது டோர்ச் பற்றரி. தெரிந்த ஓர் அழுத்தத்தைக் கொடுத்துப் பார்ப்பதற்கு அதைவிட மலிவான பொருள் கிடையாது. பல்மானியில் அளந்தபோது 1.52 வோல்ற்று. மறை முனையைப் புவியோடும் நேர் முனையை உள்ளீட்டு ஊசியோடும் இணைத்தேன். மடிக்கணினியிலிருந்து மின் எடுத்தபோது 311ஆவது படி. கணக்கும் அதையே சொல்கிறது. பிறகு பலகையைப் போன் சார்ஜருக்கு மாற்றினேன். அதே பற்றரி, அதே வயர், படி 331!

பற்றரி மாறவில்லை. பல்மானியில் மறுபடியும் 1.52தான். மாறியது ஏணி. பலகையின் 5 வோல்ற்று முனையை அளந்தபோது மடிக்கணினியில் 5.00 ஆகவும், அந்தப் பழைய சார்ஜரில் 4.70 ஆகவும் இருந்தது. ஊனோ பலகை, நாம் வேறொன்றும் சொல்லாவிட்டால், தனக்கு வரும் மின்வழங்கலையே ஏணியின் உயரமாக எடுத்துக்கொள்கிறது. உயரம் 4.70க்குக் குறைந்தாலும் படிகள் அதே 1024தான். ஆகவே ஒவ்வொரு படியும் குட்டையாகி, அதே 1.52 வோல்ற்று கூடுதலான படிகளை எட்டுகிறது. செய்நிரலோ இன்னும் 5.00 என்றே நினைத்துக் கணக்குப் போடுகிறது. இறப்பரில் செய்த அடிமட்டத்தால் மேசையை அளப்பது போன்றதுதான் இது. அடிமட்டம் சுருங்கினால் மேசை வளர்ந்ததாகத் தெரியும். எங்கள் கருவியில் காலை நேரத்து 466, சார்ஜரில் 501 ஆனது இதனாலேயே. கிணற்றில் ஒரு துளி உப்பும் கூடவில்லை, ஆனாலும் நியமத்தின் கோட்டை எண் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா உணரிகளும் இந்தத் தவறுக்கு ஆளாவதில்லை. ஒளி உணர் தடையியையும் சாதாரணத் தடையி ஒன்றையும் தொடராக இணைத்து அதே 5 வோல்ற்றில் ஓட விட்டால், வழங்கல் குறையும்போது சமிக்ஞையும் அதே விகிதத்தில் குறையும், ஏணியும் குறையும். இரண்டும் சேர்ந்து குறைவதால் படியெண் மாறாது. ஆனால் எங்கள் உணரி தன் 2.3 வோல்ற்றைத் தன் பலகையிலேயே நிலைப்படுத்தித் தருகிறது. சமிக்ஞை நிலையாக நிற்க ஏணி மட்டும் சுருங்குவதால்தான் பிழை வருகிறது. வாங்கும்போதே உங்கள் உணரி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்வு பலகையிலேயே இருந்தது. ஊனோவில் 3.3 வோல்ற்று முனை ஒன்று உண்டு. அது தனியான சீராக்கியிலிருந்து வருவதால் வழங்கல் 5.0 ஆனாலும் 4.7 ஆனாலும் 3.3 ஆகவே நிற்கும். அதை "ஏரெஃப்" என்று எழுதியிருக்கும் ஊசியோடு ஒரு வயரால் இணைத்து, ஏணியின் உயரமாக வெளியிலிருந்து வருவதை எடுத்துக்கொள் என்று செய்நிரலில் கட்டளை கொடுத்தேன். உணரி 2.3க்கு மேல் தராது என்பதால் 3.3 உயர ஏணி தாராளம், படிகளும் இன்னும் நுண்மையாகின்றன. ஒரு கவனம்: அந்தக் கட்டளை செய்நிரலின் தொடக்கத்திலேயே, முதலாவது வாசிப்புக்கு முன்னரே வர வேண்டும். இல்லாவிட்டால் உள்ளேயுள்ள 5 வோல்ற்றும் வெளியேயுள்ள 3.3 வோல்ற்றும் மோதிச் சில்லு பழுதாகலாம். இணைத்த பிறகு பற்றரி 471ஆவது படியைக் காட்டியது. மடிக்கணினியில் 471, சார்ஜரில் 471, பவர் பாங்கில் 471. அன்று இரவு உம்மம்மாவிடம் மூன்று முறை காட்டினேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது, "மாஷா அல்லாஹ்" என்றார்.

ஆனால் துள்ளல் தீரவில்லை. பற்றரியை வைத்தால் சார்ஜரிலும் எண் அசையாமல் நிற்கிறது. உணரியைத் தண்ணீரில் அமிழ்த்தினால் மட்டும் துள்ளுகிறது. அதே உணரி மடிக்கணினி பற்றரியில் ஓடும்போது துள்ளவில்லை. ஆக, குற்றம் தண்ணீரில் மட்டுமோ சார்ஜரில் மட்டுமோ இல்லை, இரண்டும் சேரும்போதுதான். காரணத்தைக் கேட்டபோது எங்கள் சேர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். போன் சார்ஜர்களுக்குள் வீட்டு மின்பக்கத்தையும் 5 வோல்ற்றுப் பக்கத்தையும் தொடுக்கும் மிகச் சிறிய கொள்ளளவி ஒன்று இருக்கும். இரைச்சலைக் குறைக்க வைக்கப்பட்டது அது. அதனூடாக மிகச் சிறிய ஆடலோட்டம் கசியும். சும்மா இருக்கும்போது அதற்குப் போக வழியில்லை. ஊசிகள் கிணற்றுத் தொட்டித் தண்ணீரில் இருக்கும்போது, நீரும் ஈரச் சீமெந்தும் நிலமும் சேர்ந்து வழி கொடுத்துவிடுகின்றன. இலங்கையில் வீட்டு மின்னின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ், அதாவது ஓர் அலைக்கு 20 மில்லிசெக்கன். அந்த அலையில் ஏறி இறங்கித்தான் எங்கள் எண் துள்ளியது.

நானாவின் சராசரி ஏன் இதைச் சரிசெய்யவில்லை என்பதும் இப்போது விளங்கியது. ஊனோ ஒருமுறை வாசிக்க ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கன் எடுக்கும். பத்து வாசிப்பை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் எல்லாம் 1 மில்லிசெக்கனில் முடிந்துவிடும். அது ஒரு முழு அலையின் இருபதில் ஒரு பங்கு. கடலலையின் உச்சியில் நின்று பத்து முறை அளந்து சராசரி எடுத்தால் கடல்மட்டம் வருமா? சராசரி எடுப்பதென்றால் வாசிப்புகளை ஒரு முழு அலைக்கு, அதாவது 20 மில்லிசெக்கனுக்கு அல்லது அதன் மடங்குகளுக்குப் பரப்ப வேண்டும். அப்போது ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துவிடும்.

எனினும் நான் அதையும் இரண்டாவதாகத்தான் செய்தேன். முதலில் சார்ஜரையே விட்டுவிட்டுப் பவர் பாங்குக்கு மாறினேன். பெற்றோர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: கிணற்றடியில் ஈரக் கையோடு நின்று, சுவரில் கொழுவிய சார்ஜரோடு தொடுத்த கருவியைத் தண்ணீரில் போடப் பிள்ளைகளை விடாதீர்கள். பழுதான சார்ஜர் என்றால் ஆடுவது எண் மட்டுமாக இருக்காது. (சில பவர் பாங்குகள் சிறிய கருவிக்கு மின்னோட்டம் போதாதென்று தாமாகவே அணைந்துவிடும். அதற்கு நான் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன்!)

வயர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரெட்போர்ட்டில் செருகிய வயர்கள் நாளடைவில் தளர்கின்றன. எண் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு வயரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். எதை அசைக்கும்போது எண் பாய்கிறதோ அதுதான் குற்றவாளி. என்னுடையதில் அது புவி வயர். இன்னொன்று, ஊனோவில் ஒப்புமை ஊசிகள் ஆறு இருந்தாலும் உள்ளே ஏணி ஒன்றுதான். ஆறும் மாறி மாறி அதைப் பயன்படுத்துகின்றன. உங்கள் உணரியின் தடை 10 கிலோ ஓமை விட மிக அதிகம் என்றால், முன்னைய ஊசியின் எச்சம் அடுத்த வாசிப்பில் கலந்துவிடும். ஊசியை மாற்றியதும் வரும் முதலாவது வாசிப்பை எறிந்துவிட்டு இரண்டாவதை எடுத்தால் அநேகமாகச் சரியாகிவிடும்.

இவ்வளவும் செய்து, ஏணி நிலையாகி, துள்ளலும் நின்றபிறகு ஆவலோடு அளந்தேன். காலையில் 466. மத்தியானம் 519. பழையபடியே!

இரண்டு நாள் கருவியோடு கோபித்துக்கொண்டு கிடந்தேன். பற்றரி 471 என்று உறுதியாகச் சொல்கிறது. வயர்கள் சரி. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: தண்ணீர் உண்மையாகவே மாறுகிறது. உப்பு மாறவில்லை, வேறேதோ மாறுகிறது. காலையில் கிணற்றிலிருந்து அள்ளியவுடன் அளக்கிறேன். மத்தியானமோ வாளியில் அள்ளி வைத்து, உம்மா கூப்பிட்டதற்குப் போய்வந்து, பிறகு அளக்கிறேன். வன்னி வெயிலில் ஒரு வாளித் தண்ணீர் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். காலை நீர் 28 பாகை செல்சியஸ், மத்தியான வாளி நீர் 34 பாகை.

நீர் சூடானால் அயன்கள் இலகுவாக நகரும், கடத்துதிறன் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 2 வீதம் கூடும். அதனால் உலகெங்கும் கடத்துதிறனை 25 பாகைக்குத் திருத்தியே ஒப்பிடுகிறார்கள். 28 என்பது 25ஐ விட 3 பாகை அதிகம், ஆகவே 466ஐ 1.06ஆல் வகுக்க வேண்டும். 34 என்பது 9 பாகை அதிகம், ஆகவே 519ஐ 1.18ஆல் வகுக்க வேண்டும். கொப்பியில் வகுத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் விடை 440!

நானாவின் சராசரியை அப்படியே விட்டிருந்தால் இதை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். ஆட்டத்தில் ஒரு பகுதி குப்பை, இன்னொரு பகுதி தண்ணீர் சொன்ன உண்மை. இரண்டையும் சேர்த்து மழுப்பியிருப்பேன்.

ஆனால் 440 நிலையான எண் என்பதால் மட்டும் சரியான எண் ஆகிவிடாது. நிற்கும் மணிக்கூடும் நிலையான நேரத்தைத்தான் காட்டுகிறது. உணரியோடு வந்த தாளைத் திரும்ப வாசித்தபோதுதான் ஒரு வரி கண்ணில் பட்டது: பிழை முழு அளவின் நூற்றுக்கு 10 வரை இருக்கலாம். முழு அளவு 1000. ஆக 440 என்றால் 340 முதல் 540 வரை எதுவாகவும் இருக்கலாம். 500 என்ற கோட்டைப் பற்றிப் பேச அது போதாது. தெரிந்த கரைசல் ஒன்றால் கருவியைத் திருத்த வேண்டும். இரசாயனவியல் டீச்சரின் உதவியோடு 0.746 கிராம் பொற்றாசியம் குளோரைட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஒரு லீற்றர் ஆக்கினோம். 25 பாகையில் அதன் கடத்துதிறன் ஒரு சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட பெறுமானம். எங்கள் கருவி பயன்படுத்தும் கணக்கின்படி அதில் பாதி, அதாவது 706 காட்ட வேண்டும். 668 காட்டியது. அந்த விகிதத்தில் திருத்தினால் கிணற்று நீர் 465.

500க்குக் கீழேதானே என்று துள்ளிக் குதிக்கவிருந்தேன். டீச்சர்தான் பிடித்து நிறுத்தினார். "பாதி என்று ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். கருவி உப்பை நிறுக்கவில்லை. கடத்துதிறனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி, உப்பின் அளவாகச் சொல்கிறது. அந்தப் பெருக்கும் எண் நீரில் எந்த உப்புகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து 0.5 முதல் 0.7 வரை மாறும். எங்கள் நீரின் கடத்துதிறன் 930. 0.5ஆல் பெருக்கினால் 465. 0.7ஆல் பெருக்கினால் 651. கோடு நடுவிலே இருக்கிறது.

ஆகவே உம்மாவின் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. அவருக்கு நான் விளக்கியது இவ்வளவுதான்: இந்தத் தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கிட்ட நிற்கிறது, எந்தப் பக்கம் என்று இந்தக் கருவி சொல்லாது. அந்தக் கோடும் பெரும்பாலும் ருசியையும் கேத்தல் படிவையும் பற்றியது. 600க்குக் கீழ் இருந்தால் ருசி நன்றாக இருக்கும், 1000க்கு மேல் குடிக்க மனம் வராது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் பயப்படவேண்டிய வேறு பொருட்கள் மிகக் குறைந்த அளவிலேயே தீங்கு செய்யக்கூடியவை. புளோரைட்டுக்கு எங்கள் நியமத்தின் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். 465இல் அந்த ஒன்றைக் கருவி எப்படிப் பிரித்துக் காணும்? வவுனியாவின் அடியில் இருப்பது மிகப் பழைய பளிங்குருப் பாறை. புவிச்சரிதவியலாளர்கள் அதற்கு வைத்த பெயரே "வன்னித் தொகுதி". அப்படிப்பட்ட பாறையிலுள்ள கனியங்களிலிருந்து புளோரைட்டு நீரில் கரைவதுண்டு, உலர்வலயத்தில் பலருடைய பற்களில் கறை காணப்படுவதும் அதனால்தான். அதை ஆய்வுகூடம் மட்டுமே அளக்கும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கட்டணம் பெற்றுக்கொண்டு நீர் மாதிரிகளைப் பரிசோதித்துத் தருகிறது. வாப்பா ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

முல்லைத்தீவில் கரையோரம் இருக்கும் சாச்சி வீட்டுக்கும் கருவியைக் கொண்டுபோனேன். அங்கே எண் கொஞ்சமும் ஆடவில்லை. காலையிலும் மாலையிலும் 713ஆவது படி. ஒரு மாதம் முன்னர் என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். 713 என்பது 2.3 வோல்ற்று, அதாவது உணரி தரக்கூடிய உச்சம். உவர் நீர் உணரியின் அளவைக் கடந்து போயிருந்தது. பேசாமல் சுவரில் முட்டி நின்றது எண். காய்ச்சி வடித்த நீரைச் சம பங்கு கலந்து அளந்து, வந்ததை இரண்டால் பெருக்கித்தான் ஓரளவுக்காவது அறிய முடிந்தது.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுபஹுக்குப் பிறகு அளந்து கொப்பியில் எழுதுகிறேன். முதலில் பற்றரி, பிறகு கிணறு, பக்கத்தில் வெப்பநிலை. ஒரு கிணற்றை அதனோடே ஒப்பிடுவதற்கு 0.5ஆ 0.7ஆ என்ற வழக்கு ஒரு தடையல்ல. மாரி மழை தொடங்கியதும் 465 மெல்ல இறங்கி 428 ஆனது. அடுத்த வெள்ளி திடீரென 308. "மழைதானே" என்றார் நானா. பற்றரியை வைத்தேன், 471. ஏணி சரி. மூடி வைத்திருந்த பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் உணரியை விட்டேன். 668 காட்ட வேண்டியது 480 காட்டியது. மழையல்ல. ஊசிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கேத்தலின் அடியில் இருக்கும் அதே வெள்ளை. தேசிக்காய்ப் புளியில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினேன். கரைசல் 667, கிணறு 421.

நீர் வழங்கல் சபையிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை உம்மா கேனில்தான் வாங்குகிறார்.